குசினிக் கேமரா

காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. பெற்றீசியா எடுத்தாள்.

"தனுஜா வெங்காயத்தை அவ்வளவு பெரிசா வெட்டுறா. நீங்க பார்க்கலையா?"

பேசிய முதலாளி கஜேந்திரன் கொழும்பில் இருந்தார். வெங்காயம் திம்புள்ளயில் இருந்தது. குசினியில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு கேமரா இருந்தது.

அந்த இடம் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா. போன வருடம் கஜேந்திரன் அதை வாங்கி ஹோட்டல் ஆக்கினார். பெற்றீசியாவை மனேஜர் ஆக்கினார். கேட்டில் ஒரு கேமரா வைத்தார். அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பிறகு குசினியிலும் ஒன்று வைத்தார்.

குசினியில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளிகள் எழும்பும் முன் எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்று பிளேன்டீ குடிப்பார்கள். சீனியைக் கோப்பையில் போடுவதில்லை. உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார்கள். அன்றைய சமையல் அப்போதுதான் முடிவாகும். யார் எதைச் செய்வது, எந்த அறைக்காரருக்குக் காரம் ஆகாது, எல்லாம். ஊர் வம்பும் சேர்த்து.

கஜேந்திரன் அதைப் பார்த்தார். "கையை நக்கிட்டு அந்தக் கையாலேயே சமைக்கிறாங்க" என்றார். கை கழுவும் தொட்டி கேமராவுக்கு எட்டாத மூலையில் இருந்தது. கழுவிட்டுத்தான் சமைக்கிறாங்க என்று பெற்றீசியா சொல்லிப் பார்த்தாள். "கேமராவுல எனக்குத் தெரியலையே" என்றார். தேத்தண்ணி நின்றது.

அதன் பிறகு போனில் சொல்லாமல் யாரும் எதையும் செய்யவில்லை. சமையல்காரர் வீரய்யா கரண்டியில் உப்பை எடுத்துக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டுவார். "இவ்வளவு போதுங்களா சேர்?" அவருக்குக் கையாளாக நிற்கும் தனுஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நேற்று அவள் ரொட்டியைக் கருக விட்டாள். கேட்டதற்கு, "திருப்பச் சொல்லிப் போன் வரலையேக்கா" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை. பெற்றீசியாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வீரய்யா இப்போது மெடம் என்றார்.

இன்று அவர் பையோடு வந்திருந்தார்.

"நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல கூப்பிடுறாங்க மெடம். பகல் பஸ்ல போறேன்."

"அங்க கேமரா இல்லையாண்ணே?"

"இருக்கு. கேட்டுல. கள்ளனுக்கு."

மதியச் சாப்பாட்டுக்கு நானுஓயாவிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வர இருந்தார்கள். வீரய்யா போனால் தனுஜாவும் போவாள். வேறு சமையல்காரரைப் பிடிக்கலாம். ஒரு மாதத்தில் அவரும் உப்பைத் தூக்கிக் காட்டுவார். பெற்றீசியா ஹட்டனில் குசினி வேலையில் வளர்ந்தவள். பேச்சு நின்றுபோன குசினியில் சோறு ருசித்ததை அவள் கண்டதில்லை. அது தெரிந்தும், கஜேந்திரன் சொன்னதையெல்லாம் இவர்கள் தலையில் இறக்கியவள் அவள்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். கேமராவின் வயரைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

"கேட்டுல உள்ளது இருக்கட்டும். இது வேணாம்" என்றாள். "சேருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வீரய்யா அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேலை போயிருமே."

"போனா நானும் நுவரெலியாவுக்கு வர்றேன். உங்களுக்குக் கையாள் வேணாமா?"

"வெங்காயம் வெட்டத் தெரியுமா?"

"பெரிசாத்தான் வெட்டுவேன்."

தனுஜாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேத்தலை அடுப்பில் ஏற்றினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வீரய்யா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கேத்தல் கொதிக்கும்வரை அப்படியே நின்றார். பெற்றீசியா சீனி டின்னைத் திறந்தாள். அவர் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து கையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு தங்கச்சி. கஞ்சத்தனம் பண்ணாத."

குடித்து முடித்து, தொட்டியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். வேன்காரர்களுக்குக் கத்தரிக்காய் வேண்டாம், பலாக்காய்க் கறி வைப்போம் என்றார் வீரய்யா. தேங்காயைத் தானே துருவுவதாகச் சொன்னாள் தனுஜா. போன் அடித்தது. பெற்றீசியா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவே வைத்தாள்.

"பெற்றீசியா, குசினி ஏன் இருட்டா கிடக்கு? அங்க யாரு பொறுப்பு?"