ஆறு மீட்டர் ஆழத்துப் பை

கட்டுமாவடிக்கு அருகே, ஓடை கடலில் சேருமிடத்தில் பாலம் ஒன்று வரவிருந்தது. அதற்கான மண் அறிக்கையில் பொறியாளர் சிவரஞ்சனி அன்று மாலைக்குள் கையெழுத்திட வேண்டும். பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களான பைல்களின் நீளம் அதை வைத்தே முடிவாகும். நிலம் அதிர்ந்தால், நீர் கோத்த தளர்மணல் குழம்பாகிப் பைல்களைக் கைவிட்டுவிடும். அத்தகைய மணல் எந்த ஆழத்திலும் இல்லை என்றது அறிக்கை.

மண் மாதிரிப் பைகளை ஒருமுறை பார்த்தாள். ‘ஆறு மீட்டர்’ என்றெழுதிய பையில் சவுக்கு இலை ஒன்று கிடந்தது; பச்சையாக.

துளையிடும் குழுவின் மேஸ்திரி ஆவுடையப்பனை அழைத்துப் பையை நீட்டினாள்.

“அண்ணே, ஆறு மீட்டருக்குக் கீழ சவுக்கு தழையுதா?”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அவருடைய மைத்துனர் பிச்சை, “நான் அப்பவே சலிச்சுப் போடச் சொன்னேன் மச்சான்,” என்றார்.

“நீ சும்மா இருய்யா.” ஆவுடையப்பன் பையைக் கீழே வைத்தார். “கொழாய் வெறுசா வந்துச்சு மேடம். வெறும் பையக் குடுத்தா வேல தெரியாதவன்னு சொல்லுவாங்க. இங்கிட்டுக் கெடந்த மணல அள்ளிப் போட்டேன்.”

மண்ணெடுக்கும் குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க, கயிற்றில் தூக்கிய எடையை அதன்மேல் எத்தனை அடி விழவிட வேண்டும் என்பதே மணலின் இறுக்கத்துக்கு அளவு.

“அடி பதினேழுன்னு எழுதியிருக்கீங்க?”

“மூணே அடியில எறங்கிருச்சு. கயித்த நாமதான் தப்பா விட்டுட்டோம்னு நெனச்சேன். மேல பதினஞ்சு, கீழ பத்தொம்பது. நடுவுல பதினேழுதானங்க?”

கணக்கில் பிழையில்லை.

அறிக்கை இன்று வராது என்று மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் சொன்னவற்றை முழுதும் கேட்டுவிட்டு, அதே வாக்கியத்தை மீண்டும் சொன்னாள்.

இரண்டு மீட்டர் தள்ளி மறுநாள் துளையிட்டார்கள். துளையில் நீர் குறைந்தால் அடிமணல் தானாகவே தளர்ந்து பொய்க்கணக்குக் காட்டும் என்பதால், அது குறையாமல் சிவரஞ்சனியே பார்த்துக்கொண்டாள். ஆறு மீட்டரில் பிச்சை உரக்க எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

நான்காவதற்கு வேலையிருக்கவில்லை. தளர்ந்த மணல் உள்ளே நிற்காமல் நழுவிவிட, குழாய் வெறுமையாகவே வெளியே வந்தது.

“இப்பவும் நான்தான் தப்பா விட்டேனாங்க?” என்றார் ஆவுடையப்பன்.

“இல்லண்ணே. அப்பவும் இல்ல.”

பைல்கள் நான்கு மீட்டர் நீண்டன. அவற்றைச் சுற்றியுள்ள மணலை ஜல்லி செலுத்தி இறுக்குவதென முடிவாயிற்று. திருத்திய அறிக்கையில் அவள் கையெழுத்திட்டாள்.

ஆறு மீட்டர்ப் பையை ஆவுடையப்பனே கட்டினார். உள்ளே ஒன்றுமில்லை; ஆயினும் அவிழாதபடி இரண்டு முடிச்சுகள் போட்டார்.