வின்சமுக்கு ஒரு சொந்தக்காரர்

எங்கள் ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதியவர் தேநீர் வேளையில் அதை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். "இது யாரைப் பத்தி?" என்று தலைமைப் பதிப்பாசிரியர் கேட்பார். ஆளைக் காட்டாவிட்டால் வாக்கியம் காலி. ஆளில்லாத வாக்கியம் செத்த வாக்கியம் என்பது அவர் கொள்கை. எந்தப் பேச்சையும் பட்டென்று முடித்துவிடுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி.

ஆகவே அந்த அகராதி முழுக்க நாங்கள்தான். கருமிக்கான சொல்லில் எங்கள் காசாளர் இருக்கிறார். குறட்டைக்குத் தட்டச்சு அக்கா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி இரண்டு தடவை மாற்றப்பட்டது. வழுக்கைக்கு முற்றுப்புள்ளியே தலையைக் குனிந்து காட்டினார்.

அடுத்த அறையில் மெய்ப்புத் திருத்துபவர். சிவப்புப் பென்சில் என்று பட்டப்பெயர். சிரிக்கவே மாட்டார். பிழை அகப்பட்டால் மட்டும் உதட்டின் இடது ஓரம் மெல்ல மேலேறும். ஏறினால் போதும், அறையில் விளக்கை அணைத்துவிடலாம். நான் என்ன செய்வேன்? வேண்டுமென்றே பிழை விட்டேன். தமிழை என் அளவுக்குக் கொல்பவள் உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அகராதி முடிந்ததும் அவர் வேறு ஊர் அச்சகத்துக்குப் போவதாக ஏற்பாடு. எக்ஸ், ஒய், இசட் எல்லாம் ஒரு வாய்த் தேநீருக்குள் தீர்ந்துவிடும். அதனால் டபிள்யூவைப் பிடித்து இழுத்தேன் பாருங்கள், ரப்பர் தோற்றுப்போகும்!

ஆனாலும் வின்சம் என்ற சொல் வந்தேவிட்டது. கபடமில்லாத இனிமையால் மனத்தைக் கவர்வது என்று பொருள். பலர் நினைப்பதுபோல் அது 'வின்' என்ற வெற்றியிலிருந்து பிறந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சிக்கு இருந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது. ஆளை அசத்தும் பேரழகுக்கு அதைச் சொல்வதில்லை. ஒரு சிரிப்புக்கோ குழந்தை முகத்துக்கோதான் சொல்வார்கள்.

வாசித்தேன். 'பிழை கண்டுபிடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் வின்சமான ஒரு சிரிப்பு வரும்.'

"யாரும்மா இது?" என்றார் முற்றுப்புள்ளி.

நான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சொல்லேன்டி, எங்களுக்குத் தெரியாத ஆளா?" என்று தட்டச்சு அக்கா விலாவில் இடித்தார்.

"பேர் வேணாம், கைய நீட்டும்மா. நீட்டுனா காசா போயிடும்?" என்றார் காசாளர்.

"கை நீட்டறதப் பத்தி நீங்க பேசறீங்களா சார்!" என்றார் அக்கா.

நான் என் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆள் இல்லையா? அப்ப அடிச்சிடு." முற்றுப்புள்ளி பேனாவை நீட்டினார்.

"அடிக்காதீங்க சார்." சிவப்புப் பென்சில்தான். "ஆள் இருக்கு. இவங்க சேர்ந்த புதுசுல மாசம் முழுக்க ஒரே ஒரு பிழை. அதப் பாத்துத் தெரியாம சிரிச்சுத் தொலைச்சேன். அன்னிலேர்ந்து பிழை மழையா கொட்டுது. தமிழ்ங்கற வார்த்தைக்கே 'ள்' போடறாங்க சார்! அது கைதவறி வர்ற பிழையா?"

சொல்லி முடிக்கையில் உதட்டின் இடது ஓரம் மேலேறியது. அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது.

"வாக்கியம் நிக்கட்டும்," என்றார் முற்றுப்புள்ளி.

"அப்ப, ஊருக்குப் போறது?" என்று அக்கா விடவில்லை.

"இவ்வளவு பிழைய விட்டுட்டு எங்கக்கா போறது?"

அந்தக் கட்டடத்தில் இப்போது செருப்புக் கடை. முற்றுப்புள்ளியும் இல்லை, அக்காவும் இல்லை. ஆனால் அகராதியைத் திறந்தால் காசாளர் இன்னும் சில்லறை தர மறுக்கிறார், அக்கா நிம்மதியாகத் தூங்குகிறார், முற்றுப்புள்ளியின் தலை அதே பளபளப்பில் மின்னுகிறது. டபிள்யூவில் சிவப்புப் பென்சில் சிரிக்கிறார். வீட்டில் என் எதிர் நாற்காலியிலும் அவர்தான். பல் செட் புதுசு. இடது ஓரம் மட்டும் பழசு.

இந்தக் கதையிலும் ஒரு பிழை வைத்துத்தான் அவரிடம் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டார். அதனால் அது உங்களுக்குக் கிடைக்காது.