ஆயருக்கு ஒரு வரவேற்புரை

நல்லூரில் தையல் யூனிட் வைத்திருக்கும் அருள்குமாருக்கு, மகள் அனிதா டைப் செய்து தருவதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது. ஆர்டர் தரும் பையருக்குப் போகும் மெயிலோ, கோயிலில் பேசும் பேச்சோ, எதுவானாலும் மகள் மேல் அவ்வளவு நம்பிக்கை. கல்யாண விஷயம் மட்டும் விலக்கு.

"போயும் போயும் ஆடு மேய்க்கறவனையா கட்டிக்கறேங்கறே? எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர் சம்பந்தம் வந்திருக்குது கண்ணு. அடுத்த வாரம் பேசி முடிச்சரலாம்."

அனிதா கட்டிக்கொள்ள நினைக்கும் குண்டடத்து இளங்கோ பி.எஸ்சி. படித்துவிட்டு, விரும்பித்தான் ஆட்டுப்பட்டி வைத்திருக்கிறான். அதைச் சொன்னால் அப்பா, "படிச்சுமா?" என்பார்.

இந்த நிலையில்தான் கோயில் திருவிழாவுக்கு ஆயர், அதாவது பிஷப், வந்தார். வரவேற்புரை அருள்குமாருடையது. "ஆயர்ங்கற பட்டத்துக்கு அர்த்தம் போட்டு எழுது கண்ணு, சனம் அசந்து போகோணும்," என்று கேட்டவரும் அவரேதான்.

மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார். "பிஷப் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மேற்பார்வை பார்ப்பவர் என்று பொருள். நம் கம்பெனி பாஷையில், சூப்பர்வைசர்."

கூட்டம் சிரித்தது. அருள்குமாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரலை உயர்த்தினார்.

"நம் தமிழிலோ அவருக்கு ஆடுமாடு மேய்ப்பவரின் பெயர். ஆயர். அவர் கையிலிருக்கும் கோலும் ஆட்டுக்காரர் கோல்தான். ஆகவே சூப்பர்வைசரைவிட ஆடு மேய்ப்பவர்..."

குரல் நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவர் கண்கள் மகளைத் தேடின. அனிதா துப்பட்டா நுனியில் ஏதோ நூல் பிரிந்ததைப்போல ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"முடிச்சிருங்க, நல்லாத்தானே போகுது," என்றார் ஆயர்.

"...மேலானவர்," என்றார் அருள்குமார், ஆர்டர் கேன்சலான குரலில்.

ஆயர் மைக்கை வாங்கினார். "எங்கப்பாரும் ஆடு வெச்சிருந்தவருங்க. இங்க ஆட்டுக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?"

விருந்து பிரியாணிக்குக் கிடாய்களைக் கொண்டுவந்திருந்த இளங்கோ கடைசி வரிசையில் எழுந்தான். பந்தியில் ஆயர் அவனைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டார். இருவர் இலையிலும் கறி பரிமாறும் பொறுப்பு வரவேற்புக் குழுத் தலைவர் அருள்குமாருடையது. இளங்கோவின் இலையருகே அவர் கரண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு தாராளமாகவே சரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே மகளிடம் சொன்னார்.

"இனிமே டைப் பண்ணுனா முன்னாடியே காட்டு."

"காட்டுனாப் படிப்பீங்களாப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்."

பஸ் ஒன்றுக்கு வழிவிட்டபின் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த இளங்கோ ஊட்டுல பெரியவங்களை வரச்சொல்லு. ஊரே கேக்க மைக்குல சொல்லிப்போட்டேன். இனி மாத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்?"