வெள்ளைத் திட்டு

சசிரேகாவும் கணவன் குணாளனும் கேமரன் மலையிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்திருந்தார்கள். டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினார். "தண்ணி இருக்குற எடம் இதுல வெள்ளையா தெரியும். உங்க வீட்டுக்காரருக்கு மூளையில கட்டி. அதைச் சுத்தி நீர் கோத்திருக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சசிரேகாவின் காதில் ஏறவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவள் அவள். ஈரக் கொழுந்தைப் பரப்பிக் காற்றாடியைப் போட்டுவிட்டால் தண்ணீர் வற்றாமல் எங்கே போகும்? மனுஷ உடம்பு மட்டும் என்ன விதிவிலக்கா?

வீட்டுக்கு வந்ததும் குணாளனுக்குத் தண்ணீரை நிறுத்தினாள். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். "தொண்ட காயுது சசி" என்று அவன் கெஞ்சும்போதெல்லாம், "வத்திரும்ங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க லா" என்று அழுதுகொண்டே சொம்பை ஒளித்துவைத்தாள்.

மறுவாரம் மீண்டும் படம் எடுத்தார்கள். வெள்ளைத் திட்டு இம்மியும் குறையவில்லை. குணாளனின் வெடித்த உதட்டையே பார்த்தார் டாக்டர்.

"தண்ணியே குடுக்கலையாம்மா? அது குடிக்கிற தண்ணியால வந்த நீர் இல்ல. மருந்துதான் கொறைக்கணும். இப்ப கிட்னியும் கெட்டுப்போவுது!"

சசிரேகா ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் வாயில் வைத்தாள். "குடிங்க. ஐயோ, குடிங்களேன்!"

குணாளன் போத்தலைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம் சசி. இவ்வளவு பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்சந்தான், வத்திரும்."