படூர் சாலையில் ஒரு நட்டு

அப்துல் சுபஹானின் கால்கள் இரண்டு மட்டும் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மணி ஏழேகால். பத்துக்குள் சோழவரம் போய்ச் சேராவிட்டால் பந்தயப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். படூர் தாண்டிய குண்டும் குழியுமான சாலையில் எங்கள் பிரேக் கம்பிகள் ஆட்டம் கண்டிருந்தன.

"மோசஸ், ரேடியேட்டருக்குத் தண்ணி புடிச்சினு வா மச்சான். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்."

டின்னைத் தூக்கிக்கொண்டு வயல் கிணற்றுக்கு ஓடினேன்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். உப்பளத்து வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன இரண்டு சீட்டு வண்டி அது, முப்பது வருஷப் பழசு. கேளம்பாக்கத்தில் கோழி அடைந்து கிடந்ததைச் செங்கல்பட்டு வரை மாடு பூட்டி இழுத்து வந்து, மூன்று வருஷம் உழைத்து ஓட வைத்திருந்தான் சுபஹான். ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு தகர ஷெட், அதுதான் அவன் பட்டறை. பழைய கார்களுக்கென்று சோழவரத்தில் தனிப் பந்தயம் வைக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. மதராஸில் பெரிய பட்டறை வைத்திருந்த தர்மராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். வண்டி பத்துச் சுற்றும் ஓடி முடிக்கட்டும், என் பந்தயக் கார்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி என்று.

நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. சிநேகிதன் ஜெயிப்பதைப் பார்க்க, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து வந்தேன்.

விடிகாலையில் கோவளம் வரை சுற்றிக்கொண்டு வந்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. சுபஹானின் மனைவி உம்மு சல்மா தாய் வீட்டுக்கு வந்திருந்தவள், தர்கா வாசலில் காத்திருந்தாள். ஓதி முடித்து ஸ்டியரிங்கில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தாள்.

"பிரேக் புடிக்கலன்னா இந்த நூலாம்மா புடிக்கும்?" என்றேன்.

"உங்க சட்டப் பையில ஒரு மாதா படம் வச்சினு கீறீங்களே, அது இன்னாண்ணே, லைசென்ஸா?"

அரை மைல் தூரம் சிரித்துக்கொண்டே ஓட்டினான் சுபஹான்.

நான் தண்ணீரோடு திரும்பியபோது அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதுவும் கேட்கவில்லை நான். கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. நாவலூர், அடையாறு, செங்குன்றம் என்று பறந்தோம். ஒன்பது நாற்பதுக்கு, பந்தயம் நடக்கும் பழைய விமானத் திடலுக்குள் நுழைந்தோம்.

அங்கே நின்ற கார்களைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி மின்னியது. எங்கள் வண்டி ஊர்ச் சேற்றோடு நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட இருவர் ஸ்டியரிங்கில் இருந்த நூலைக் காட்டி ஏதோ இங்கிலீஷில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். சுபஹான் பெயர் பதியவும், நட்டு கழலாமல் குறுக்கே மாட்டும் பின் கொஞ்சம் யாரிடமாவது கேட்டு வாங்கவும் போயிருந்தான். சும்மா நிற்க முடியாமல் நான் குனிந்து வண்டியின் பின்பக்கச் சேற்றைத் துடைத்தேன்.

அவன் ஓடி வந்தான். முன் சக்கரங்களுக்கு அடியில் படுத்து மடமடவென்று வேலை பார்த்தான். பின்பக்கம் வந்து ஒரு பக்கம் படுத்து முடுக்கினான். மறுபக்கம் குனிந்து ஒரு பார்வை பார்த்தான். தலையாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். கொடி விழுந்தது.

ஏழாவது சுற்றில் அவன் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். வளைவில் மற்ற கார்கள் வேகம் குறைத்தன. அவன் கார் குறையவில்லை. வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தது.

உயிர் தப்பினான். வலது மணிக்கட்டு மூன்று துண்டு.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார் தர்மராஜ். மரியாதையாகத்தான் பேசினார். பின்பக்கம் ஒரு பிரேக் கம்பியில் பின் இல்லை, நட்டு கழன்று விழுந்திருக்கிறது, வண்டியைப் பார்த்தேன் என்றார். மேஸ்திரி வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவனும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு சுபஹான் என்னிடம் சொன்னான். "பாதி முடுக்கின நட்டுல செவப்பு நூல் கட்டுவேன், மச்சான். எல்லாம் சல்மா தைக்கிற நூலுதான். முழுசா முடுக்கி பின் மாட்டினப்புறம் அவுப்பேன். நூல் இல்லன்னா வேல முடிஞ்சிதுன்னு அர்த்தம். அவசரத்துல மண்டைய நம்பமாட்டேன், நூலத்தான் நம்புவேன். அந்தப் பக்கம் நூல் இல்ல, அதான் வுட்டுட்டேன்."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கை அதன் பிறகு ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்கவேயில்லை. ஆனால் ஷெட்டை மூடியதற்குக் கை காரணமில்லை. இடது கையால் செய்யலாம், ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். என் வேலையை நானே நம்பாதபோது அடுத்தவன் எப்படி வண்டியை விடுவான் என்று சொல்லிவிட்டான். இப்போது திருப்போரூரில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறான்.

வருஷா வருஷம் பந்தயம் பார்க்க மட்டும் பஸ்ஸில் போவோம். அவன்தான் கூப்பிடுவான். போன மாதமும் போனோம். படூர் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கிணற்றைக் காட்டினான்.

"இங்கதான படுத்துனு இருந்தேன். நாலு நட்டுக்கும் நூல் கட்டினா மாதிரியே ஞாபகம் கீது. கண்ண மூடினா தெரியுது. நீ சொல்லு மச்சான், கட்டியிருப்பேனா?"

நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கை அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

"அவசரத்துல மறந்திருப்ப" என்றேன்.

தலையாட்டினான். கோபம்கூட இல்லை.

அன்று சேற்றைத் துடைக்கக் குனிந்தபோது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. உம்மு சல்மா இங்கேயும் கட்டிவிட்டாள், இதையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நான்தான் அவிழ்த்தேன். தர்கா நூலாயிற்றே, கீழே போடக் கூடாதென்று சட்டைப் பையில் வைத்தேன். மாதா படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.