அரிப்பு மாத்திரை

துணிக்கடைப் பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டியதும் மாத்திரை அட்டைகள் டாக்டரின் மேசை முழுக்கச் சரிந்து பரவின. ஒன்று வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது. வீட்டில் இருக்கிற மருந்து எதையும் விடாமல் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள் என்பதால் அவள் அலமாரித் தட்டை அப்படியே வழித்துக்கொண்டு வந்திருந்தாள். இருமல் மருந்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து, எப்போதோ கால் சுளுக்கியதற்குத் தேய்த்த தைலம்கூட இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைக் காலரில் எச்சில் வழிந்து ஈரமாகியிருந்தது. அவள் கைக்குட்டையை எடுத்தாள். மேசையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தாள்.

டாக்டர் புதியவர், மகள் வயது இருக்கும். இத்தனை நாள் பார்த்த பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இந்தப் பெண் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாள். ஒன்றில் மட்டும் கை நின்றது.

"இத எவ்வளவு நாளா குடுக்கறீங்கம்மா?"

"குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து. உடம்பெல்லாம் அரிப்புன்னு சொறிஞ்சுக்கிட்டே இருந்தார்."

"தினமுமா?"

"தினமும் ராத்திரி. ஒன்னுல தூங்கலன்னா ரெண்டு."

சொல்லும்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. கடையில் யார் கேட்டாலும் கொடுக்கிற சாதாரண மாத்திரை. அரிப்புக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையெல்லாம் மூளை டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டிருந்தாள். அவரும் கேட்டதில்லை.

கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கின் மேலேயே காலை வைத்திருப்பார் என்பதால் எல்லோருக்கும் அவர் பிரேக் சார். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகப் போகிற தெருவிலேயே ஒருநாள் வழி தெரியாமல் வண்டியை ஓரங்கட்டச் சொன்னதில்தான் வியாதி வெளியே தெரிந்தது. ஞாபகத்துக்கு மாத்திரை எழுதினார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தார். கொஞ்சம் தடுமாறுவார், கேட்டதையே கேட்பார், ஆனால் ஆள் இருந்தார்.

சரிவு குளிர்காலத்தில்தான் தொடங்கியது. அதற்குச் சற்று முன்னால், அடிக்கடி சிறுநீருக்கு எழுந்து ஓடுகிறார் என்று வேறொரு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். பிறகு இந்த அரிப்பு மாத்திரை. அதைப் போட்டதும் அவர் கட்டை மாதிரி தூங்கினார். அவளும் தூங்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கிடைத்த தூக்கம் அது. சில வாரங்களில் அவருக்கு ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகத் தெரியவில்லை. கூரை மூலையில் யாரோ உட்கார்ந்திருப்பதாகக் காட்டினார். அவளைப் பார்த்து, "மேடம், கண்ணாடிய சரி பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். பிறகு அதையும் கேட்கவில்லை. இந்த வியாதி இப்படித்தான் போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். மகள் வந்து பார்த்து அழுது, அலைந்து திரிந்து, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இவள் அழுது முடித்ததும் அந்த நாட்களில்தான். பெரிய துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தித் தைக்கிற வேலை அவளுக்கு. உடை மாற்றிப் பார்க்கிற அறைக்குப் பின்னால்தான் அவளுடைய மெஷின். திரைக்கு அந்தப் பக்கம் யாராவது பேன்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இந்தப் பக்கம் அவள் மெஷினை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவாள். ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாள், அழுகை வரவில்லை. அத்தோடு சரி.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். ஞாபக மாத்திரை மூளைக்குள் எதைக் குறையாமல் பார்த்துக்கொள்கிறதோ, அதைத்தான் அரிப்பு மாத்திரையும் சிறுநீர் மாத்திரையும் அமுக்குகின்றன. வேறு யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே தடுமாறுகிற மூளையில் இரண்டும் சேர்ந்தால் மூட்டம் போட்டுவிடும். ஒரு கால் ஆக்ஸிலேட்டரில், இரண்டு கால் பிரேக்கில் என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் விழித்திருந்தால் சிரித்திருப்பார்.

"வியாதி போகாதும்மா. அத இப்பவே சொல்லிடறேன். ஆனா நீங்க இப்ப பாக்கறது முழுக்க வியாதி இல்ல."

அரிப்புக்கு மாத்திரை வேண்டாம், தோலில் தடவ களிம்பு போதும். சிறுநீர் மாத்திரையை அந்த டாக்டரிடம் பேசிவிட்டு, பார்த்துக்கொண்டே குறைக்கலாம். ஞாபக மாத்திரை தொடரட்டும். எதையும் அவளாக நிறுத்தவோ சேர்க்கவோ கூடாது, இருமல் மருந்தானாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். கடைசியில், உங்க மேல தப்பு இல்ல என்றும் டாக்டர் சொன்னாள். தப்பு என்று ஒன்று இருக்கலாம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வீடு வரும்வரை அது வந்து நெஞ்சில் உட்காரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

முதலில் தூக்கம்தான் கெட்டது. அவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார், சொறிந்தார், கதவைத் திறந்து திறந்து மூடினார். அவளும் கூடவே விழித்துக் கிடந்துவிட்டுக் காலையில் கடைக்குப் போய்க் கோணல் தையல் போட்டுப் பிரித்தாள். அவள் இல்லாத நேரத்தில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். சில வாரங்களில் எச்சில் ஒழுகுவது நின்றது. ஸ்பூன் வாய்க்குப் போனது. கூரை மூலையில் இருந்தவர் எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் பேன்ட்டுக்கு ஜிப் எங்க?"

"பிரிச்சு எடுத்துட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும். உங்களால போட முடியல."

எலாஸ்டிக்கை இழுத்து விட்டார். பட்டென்று வயிற்றில் அடித்தது. "நர்சரி ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி இருக்கு" என்றார். கோபம் இல்லை. பார்வை அவள் முகத்தில் வந்து நின்றிருந்தது, மனைவியைப் பார்க்கிற பார்வை. அவள் குனிந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கீழ்வீட்டு அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். கடைப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் எல்லோருக்கும் சிரித்துக் காட்டினாள். உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன காலைத் தொட்டால், தொடுவது தெரியும், கால் தன்னுடையதாக இருக்காது. அப்படி இருந்தது. ஒருமுறை அழுது தீர்த்துவிட்ட மனிதரிடம் மறுபடி எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் மறுபடி இல்லாமல் போய்விடுவார் என்பதும் நிச்சயம். அப்போது அழ வேண்டியதையும் அவள் முன்கூட்டியே செலவழித்துவிட்டாள்.

மகள் போனில் அப்பாவோடு பேசிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த இடத்த விட்டுட்டா மறுபடி கிடைக்காதும்மா. நீயும் எவ்வளவு நாள்தான் முழிச்சிருப்ப?"

"ம்."

"ஆனா இப்ப கொண்டுபோய் விட்டா அப்பாவுக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் அவள்.

மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு மகள் வைத்தாள்.

மறுநாள் குளித்து வந்தவரின் முதுகில் அவள் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். தோல் வறண்டு, நகம் பட்ட கோடுகள் ஆறிக்கொண்டு வந்தன. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றார். பிறகு, "என்னை எங்கயோ சேக்கப் போறியாமே?"

அவள் கை நிற்கவில்லை. "ஆமா."

"நல்ல இடமா?"

"போய்ப் பாத்தேன். சுத்தமா இருக்கு."

"சாப்பாடு?"

"உப்பு கம்மி."

அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று எண்ணினாள். எட்டிப் பார்க்கவில்லை.

"நீ என்ன பண்ணுவ?"

"கடைக்குப் போவேன். வருவேன். தூங்குவேன்."

தூங்குவேன் என்று சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அதுதான் உண்மை. களிம்பின் ஈரம் காயட்டும் என்று அவள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஒருதடவ பாத்துட்டு வரலாமா?" என்றார்.

மாதக் கடைசிக்கு முந்தின நாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அழைத்துப் போனாள். இல்லத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நிறுத்தம், நடுவில் அகலமான சாலை. எதிரே நீலம் அடித்த கேட் தெரிந்தது. உள்ளே வெயிலில் யாரோ ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு பெண் அவர் கால்விரல்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பில் இருந்தது. அவர் சாலை விளிம்புக்கு ஓரடி முன்னாலேயே நின்றார். முழங்கையை அவள் பிடித்திருந்தாள்.

விளக்கு பச்சைக்கு மாறியது. கார்கள் நின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவர்களை இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு கடந்து போனார்கள். அவர் நகரவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி விளக்கைப் பார்த்தார். பச்சை என்றால் என்னவென்று மறந்துபோய் நிற்கிறாரா, தெரிந்தே நிற்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவருடைய முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. அவள் இழுக்கவில்லை. விளக்கு சிவப்பானது. கார்கள் கிளம்பி, எதிர்ப்பக்கத்தை மறைத்துக்கொண்டு போயின. பிறகு மறுபடி பச்சை வந்தது.