ஏரிக்குக் கிழக்கே வெட்டிய மண்

பதினாறாவது நாளாக இருசம்மாள் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே, கரண்டுப் பெட்டிக்கான பீஸ் கட்டைகளை அச்சில் அழுத்தும் பிரஸ்கள் சும்மா நின்றன. அணைந்த சூளையில் பூனை குட்டி போட்டிருந்தது. சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் விருத்தாசலத்துக்கு வந்தால்தான் இங்கே வேலை. பர்மிட் தாமதம் என்று லாரி நின்றுபோயிருந்தது. மண் இல்லையென்றால் கூலி இல்லை. வீட்டோடு இருந்துவிடலாமென்றாலோ, வேலை தொடங்கும் நாளில் ஆள் இல்லாவிட்டால் பிரஸ் வேறொருத்திக்குப் போய்விடும்.

"என்னாக்கா, முடிவு பண்ணிட்டியா?" பக்கத்துப் பிரஸ்காரி சின்னம்மாள் கேட்டாள். "திருப்பூரு வேன் சாயந்தரம் வந்துரும். பனியன் கம்பெனியிலயே தங்கிக்கலாமாம்."

"ரேகாவுக்கு அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்ச. அவுங்கப்பா கேரளாவுல கெடக்குறாரு. நானும் போயிட்டா பொட்டப்புள்ள ஒண்டியா இருக்குமாடி?"

அப்படிச் சொன்னாலும், காலையிலேயே இரண்டு புடவைகளைப் பையில் மடித்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

பதினோரு மணிக்கு மண் ஏற்றிய டிப்பர் லாரி ஷெட் பக்கம் திரும்பியது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். ஈர மண் சரிந்து கொட்டியது. இருசம்மாள் மண்ணின் ஓரத்தில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"லாரி வந்துருச்சிடி. நான் எங்கியும் போவல."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான். நீ படி."

டிரைவர் சடையப்பன் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"எந்த எடத்து மண்ணுண்ணே இது? நல்லா வெளுப்பா இருக்கு" என்று அவரிடம் கேட்டாள் இருசம்மாள்.

"கம்மாபுரம் பக்கம்மா. புதுசா வெட்டுறாங்க. அய்யனார் கோயில் ஏரி இருந்துச்சே, அதுக்குக் கெழக்கால."

இருசம்மாள் ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தாள். ஏரிக்குக் கிழக்கே ஐந்தாவது வயல் அவள் அப்பாவுடையது. சுரங்கத்துக்கென்று அதை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

"எங்கப்பா அதுல நெல்லும் உளுந்தும்தான் பாத்தாரு. அடியில இம்மாம் மண்ணு இருந்திருக்கு" என்றாள். சடையப்பன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சூப்பர்வைசர் ஞானசேகரன் வெளியே வந்தார். "இன்னிக்குக் கட்டிய ஒடச்சிக் காயப்போடுங்க. காஞ்சதும் பிரஸ் ஓட்டலாம்."

"ஒடைக்கிறதுக்குக் கூலி உண்டா சார்?" என்றாள் சின்னம்மாள்.

"பிரஸ்ல கட்ட விழுந்தாத்தான் கூலி, தெரியாதா ஒனக்கு? மொதல்ல வேல ஓடட்டும்."

சின்னம்மாள் வேன்காரனுக்குப் போன் போட்டு வரவில்லை என்றாள். இருசம்மாள் புடவையை இழுத்துச் செருகி, கட்டி உடைக்கும் மரக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு மண்மேட்டில் ஏறினாள். ஏரிக்குக் கிழக்கேயிருந்து வந்த மண்ணில் முழங்கால்வரை வெளுத்து, சூளையிலிருக்கும் பூனைக்குட்டிகளை எங்கே மாற்றுவது என்று சின்னம்மாளோடு சிரித்துப் பேசிக்கொண்டே, வெயில் இறங்கும்வரை கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.